ஆள் வருது

இது நடந்தது. நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக நான் எந்தச் சாமி மேலும் சத்தியம் செய்யப் போவதில்லை. புளியமரம், கொலுசுச் சத்தம், வெள்ளைப் புடவை எல்லாம் வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது காலை நேரத்தில், அறுபது பேர் நெருக்கியடித்து நின்ற டவுன் பஸ்ஸில், எவனோ ஒருவன் போனில் குத்துப்பாட்டை அலறவிட்டுக்கொண்டிருந்தபோது நடந்தது.

நடந்தது கல்பனாவுக்கு. எனக்குத் தூரத்துச் சொந்தம். பிடிக்காத சொந்தம். அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் மூன்றாவது வார்த்தையிலேயே எனக்கு வாய் வலிக்கும். அதனால்தான் நம்புகிறேன். தன் மானம் போகிற கதையைத் தானே கட்டிச் சொல்லுகிற ஆள் இல்லை அவள்.

ஊர் பெரியபாளையம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு பைப் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறாள். கழுத்தில் கம்பெனி கார்டு தொங்கும். காய்கறி வாங்கப் போகும்போதுகூட அதைக் கழற்ற மனசு வராது. பஸ் புறப்படும் இடத்திலேயே ஏறுவதால் அவளுக்குத் தினமும் ஒரே சீட்தான். இடது பக்கம், மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். உட்கார்ந்ததும் சாப்பாட்டுப் பையைத் தூக்கிப் பக்கத்து சீட்டில் வைப்பாள். யாராவது வந்து நின்றால், போனில் இருந்து தலையைத் தூக்காமலே சொல்வாள்.

"ஆள் வருது."

நம் பக்கத்தில் இதற்கு மேல் பேச்சே கிடையாது. சீட்டில் ஒரு கைக்குட்டை கிடக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் 'ஆள் வருது' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அந்த இடம் பட்டா போட்ட இடம். கட்டைப் பையும் கைக்குழந்தையுமாக நிற்பவள்கூட வாயை மூடிக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

கல்பனாவுக்கு ஆள் எதுவும் வராது. வருவதற்கு ஆளே இல்லை. பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது, அதுதான் விஷயம். கோயிலுக்கு வந்துவிட்டு ஈரத்துணியும் வேப்பிலை வாசனையுமாகத் திரும்புகிறவர்கள், தோளில் தூங்கி விழும் காண்ட்ராக்ட் பெண்கள், வாளியும் துடைப்பமுமாக ஏறுகிறவர்கள்... அத்தனை பேரும் அவளுக்கு 'ஓசி டிக்கெட் கும்பல்'. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். கல்பனாவின் கையில் இருப்பதும் அதே டிக்கெட்தான் என்பது அவள் மண்டையில் ஏறாது.

இந்தப் பொய்யை ஒன்றரை வருடம் சொன்னாள். தெரியாதவர்கள் நம்பினார்கள். தெரிந்தவர்கள் அவள் வாய்க்குப் பயந்தார்கள். தாயாரம்மாள் மட்டும் விடமாட்டாள். அவளும் பெரியபாளையம்தான். சிப்காட்டில் வேறொரு கம்பெனியில் தரை துடைக்கிறாள். முட்டியில் வலி. எப்போதும் கல்பனாவின் சீட்டை ஒட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"இன்னாம்மா, உன் ஆளு இன்னிக்காவது வருதா?"

"வரும்."

"வரட்டும், வரட்டும். அத்த பாத்துட்டுத்தான் நான் வேலைய உட்டு நிக்கணும்."

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். தரை துடைக்கிறவளுக்கெல்லாம் பதில் சொன்னால் நம் மதிப்பு என்ன ஆவது என்று கல்பனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஐப்பசி மாதம். மூன்று நாள் விடாத மழை. ஏழே கால் பஸ் ஏழே முக்காலுக்கு வந்தது. முன்னால் போக வேண்டிய பஸ்ஸும் வராததால் ரெண்டு பஸ் கூட்டம் ஒரே பஸ்ஸில் ஏறியது. கல்பனா வழக்கம்போல முண்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பையை வைத்தாள். ஜன்னல் கண்ணாடிகளை மூடியிருந்தார்கள். உள்ளே ஒரே புழுக்கம். எல்லார் தலையில் இருந்தும் தண்ணீர் சொட்டியது.

அன்றைக்குத் தாயாரம்மாள் கிண்டல் பண்ணவில்லை. முட்டி வீங்கியிருந்தது. முகம் வேர்த்திருந்தது.

"கொஞ்சம் உக்காந்துக்கறேம்மா. உன் ஆளு வந்தா எழுந்துக்கறேன்."

"ஆள் வருதுன்னு சொல்றேன்ல."

"எங்க ஏறும்? எடத்த சொல்லு. அது வரிக்கும் உக்காந்துக்கறேன்."

ஒன்றரை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. கல்பனாவுக்கு எரிச்சல். வழியில் வரும் ஆரணியைத் தாண்டினால் ஒரு செங்கல் சூளை வரும். தினமும் ஜன்னலில் பார்க்கிற புகைபோக்கி. வாயில் அதுதான் வந்தது.

"ஆரணி தாண்டி. சூளைகிட்ட ஏறுவாங்க."

தாயாரம்மாள் கம்பியில் இருந்து கையை எடுத்தாள்.

கல்பனாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்தக் கூட்டத்தில் எப்படியோ இடம் பண்ணிக்கொண்டு பின்னால் ரெண்டு வரிசை தள்ளிப் போய் நின்றாள். வாயை அடைத்துவிட்டோம் என்று கல்பனாவுக்கு ஒரே திருப்தி. அவள் புத்தி அவ்வளவுதான்.

ஆரணி வந்தது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள். "உள்ள போ, உள்ள போ" என்று கண்டக்டர் பின்னால் கத்தினார். பஸ் கிளம்பியது.

சூளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு விசில் கேட்டது. ஒரே ஒரு விசில், நிறுத்தச் சொல்லும் விசில். கல்பனா நிமிர்ந்தாள். அந்த இடத்தில் பஸ் நிற்காது. ஒரு நாளும் நின்றதில்லை.

அன்றைக்கும் நிற்கவில்லை. வேகம்கூடக் குறையவில்லை.

ஆனால் ரெண்டு விசில் கேட்டது. ஆள் ஏறியாச்சு, போகலாம் என்பதற்கான விசில்.

எந்தக் குடிகார டிரைவரோ, எந்தத் தூங்குமூஞ்சி கண்டக்டரோ என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் போனைப் பார்த்தாள். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. சுட்ட செங்கல்லின் மேல் தண்ணீர் பட்டால் வருமே, அந்த வாசனை. பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள்.

"பைய எடுடி."

கல்பனா தலையைத் தூக்கவில்லை. "ஆள் வருது."

"வந்துட்டேன்."

நிமிர்ந்தாள். முப்பது வயது இருக்கும். சாயம் போன புடவை, அதன் மேல் காண்ட்ராக்ட் பெண்கள் போடுகிற நீலக் கோட்டு. எண்ணெய் காணாத தலை. கல்பனா மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்த்தாள். இதற்கென்றே அவளிடம் ஒரு பார்வை உண்டு. அது கீழே போய் நின்றது. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இடது கால். பச்சை வார். அறுந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. வலது கால் வெறுங்கால்.

"யாரு நீங்க? இது உங்களுக்கு இல்ல."

"சூளைகிட்ட ஏறுவேன்னு நீதான சொன்ன. எடு. கால் வலிக்குது."

தாயாரம்மாள் செட்டப் பண்ணி அனுப்பிய ஆள் என்று நினைத்தாள் கல்பனா. எல்லாரும் சேர்ந்து கேலி பண்ணுகிறார்கள். இப்போது சண்டை போட்டால் பஸ்ஸே சிரிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பையை எடுத்து மடியில் வைத்தாள். அந்தப் பெண் உட்கார்ந்தாள்.

அந்த சீட்டின் ரெக்சின் கிழிந்திருக்கும். யார் உட்கார்ந்தாலும் 'புஸ்' என்று காற்று போகும்.

சத்தம் வரவில்லை.

கல்பனா துப்பட்டாவை இழுத்துச் சுருட்டிக்கொண்டாள், அவள் மேல் பட்டுவிடக் கூடாது என்று. அப்போதுதான் கவனித்தாள். வெளியே கொட்டுகிறது மழை. பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் நனைந்திருக்கிறார்கள். இவள் மட்டும் காய்ந்து கிடந்தாள். கோட்டின் தோளில் செங்கல் தூசி அப்படியே படிந்திருந்தது.

"நேத்து லேட்டாயிடுச்சுடி. ஓடியாந்தேன்."

கல்பனா போனைப் பைக்குள் திணித்தாள்.

"நீ ஜன்னல்ல கை ஆட்டி வா வான்னு கூப்ட்ட. அதான் ஓடியாந்தேன்."

"நான் யாரையும் கூப்பிடல."

"கூப்ட்ட."

குரலில் கோபம் இல்லை. பழகியவளிடம் பேசுகிற குரல். அதுதான் கல்பனாவுக்கு முதலில் உறைத்தது. இத்தனை நேரம் பேசியும் அவள் ஒரு தடவைகூட முகத்தைத் திருப்பவில்லை. நேராக முன்னால் பார்த்தபடியே பேசினாள். கல்பனாவுக்குத் தெரிந்தது அவள் முகத்தின் இந்தப் பாதி மட்டும்தான்.

ரோட்டில் பெரிய பள்ளம். பஸ் தூக்கிப் போட்டது. நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். கல்பனாவின் தலை கண்ணாடியில் இடித்தது.

பக்கத்தில் இருந்தவள் ஆடவில்லை.

கொஞ்சம்கூட... ஆடவில்லை.

கல்பனா மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பினாள். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. உள்ளங்கையால் துடைத்தாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்ததால் பஸ்ஸின் உட்பக்கம் கண்ணாடியில் தெரிந்தது. தன் முகம் தெரிந்தது. பக்கத்து சீட் தெரிந்தது.

சீட்டில் அவளுடைய சாப்பாட்டுப் பை இருந்தது.

மடியைப் பார்த்தாள். பை மடியில் இருந்தது.

மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தாள்.

சீட்டில் பை. தினமும் வைக்கிற மாதிரி. அதன் பக்கத்தில் யாரும் இல்லை.

கூப்பிடலாம் என்றால் யாரைக் கூப்பிடுவது? அந்த பஸ்ஸில் அவளுக்கு ஒருத்தரின் பெயரும் தெரியாது. தாயாரம்மாளின் பெயர்கூட அப்போது அவளுக்குத் தெரியாது.

பாட்டு அலறிக்கொண்டே இருந்தது...

காதுக்குப் பக்கத்தில் அந்தக் குரல் கேட்டது. மிக அருகில்.

"பாவம், தினமும் எனக்காக நீ சீட்டு போட்டு வைக்கிற. எத்தினி பேருகிட்ட பேச்சு வாங்கற. நாளைக்கு நீ கஷ்டப்படாத. உனக்கு நான் போட்டு வைக்கிறேன். நீ வந்து உக்காந்தா போதும்."

கல்பனா கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது பஸ் கவரப்பேட்டையைத் தாண்டியிருந்தது. பக்கத்து சீட் காலி. அறுபது பேர் நிற்கிற பஸ்ஸில், பை வைக்காத சீட் காலியாகக் கிடந்தது. ஒருவரும் உட்கார வரவில்லை. ரெக்சின் மேல் செந்தூசி கொஞ்சம் இருந்தது.

சிப்காட்டில் இறங்கியதும் கல்பனா செய்த முதல் காரியம், அவள் பிறவியிலேயே செய்யாதது. தாயாரம்மாளைத் தேடி ஓடினாள். டீக்கடையின் தகரக் கூரைக்கு அடியில் நின்றிருந்தவளின் கையைப் பிடித்தாள்.

"ஆயா... என் பக்கத்துல உக்காந்தவங்க யாரு?"

"யாரும் உக்காரல." தாயாரம்மாள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "நீ தனியா பேசிக்கினு இருந்த. பைய எடுத்து மடியில வச்சிகின. சரி, காலியாத்தான கீதுன்னு உக்கார வந்தேன். கால் வரல. ரெண்டு தபா பாத்தேன். என் கால்தான், ஆனா வரல."

"அங்க விசில் அடிச்சாங்களே?"

"யாரும் அடிக்கல. சூளைல வண்டி நின்னு நாலு வருசம் ஆவுது."

டீ வந்தது. கல்பனா டம்ளரைப் பிடித்தாள். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. கேட்கவே வேண்டாம் என்று இருந்தது. கேட்டாள்.

"ஏன் நிக்கறதில்ல?"

"நீ வேலைக்கி சேர்றதுக்கு முன்னால. மேரின்னு ஒரு பொண்ணு, நம்ம ஊருதான். நீ உக்கார்றியே, அதே சீட்டு, அதே ஜன்னலு. பக்கத்துல பைய போட்டுகினு ஆள் வருதும்பா. அவளுக்கு நெஜமாவே ஆளு வரும். திலகவதின்னு கூட்டாளி. சூளைல ஏறும். ஒருநா இதே மாதிரி மழ. அது ரோட்டுக்கு அந்தாண்ட நிக்குது. வண்டி கெளம்பப் பாக்குது. மேரி ஜன்னல்ல கைய ஆட்டி வா வான்னு கத்தறா. அது இந்தாண்ட அந்தாண்ட பாக்காம ஓடியாந்துது." தாயாரம்மாள் டீயை ஒரு வாய் குடித்தாள். "லாரி. ஒரு கால் செருப்பு கெடைக்கவே இல்ல."

பச்சை வாரைப் பற்றியோ ஊக்கைப் பற்றியோ கல்பனா இன்னும் வாயே திறக்கவில்லை.

"அதுக்கப்பறமும் மேரி பைய போட்டுகினுதான் வந்தா. ஆள் வருதும்பா. நாங்க பாவம்னு உக்காரல. ஒரு மாசம் போயிருக்கும். ஒருநா எங்கிட்ட சிரிச்சிகினே சொன்னா. ஆயா, நாளையிலேந்து எனக்கு பேஜாரே இல்ல, திலகா எனக்கு சீட்டு போட்டு வைக்கிறேன்னு சொல்லிடுச்சுன்னு."

மழை தகரத்தில் அடித்தது.

"மறுநாளு?"

"மறுநாளு செம கூட்டம். மேரி லேட்டா வந்து கடசியா ஏறுனா. நிக்க எடம் இல்ல. அந்த ஜன்னல் சீட்டு மட்டும் காலியா கெடந்துது. போய் உக்காந்தா. சூளை வந்துது. எழுந்தா. வண்டி ஓடுது, கதவாண்ட போறா. யாரோ கைய புடிச்சி கூட்டிகினு போற மாதிரி போனா. நான் கத்தனேன். திரும்பியே பாக்காம ஓடற வண்டிலேந்து எறங்கிட்டா."

கல்பனாவிடம் 'உனக்கு நான் போட்டு வைக்கிறேன்' என்று அந்தக் குரல் சொன்னது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. அதை அப்போதும் அவள் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் கம்பெனி வேன்காரரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, வேறு வழியில் வீடு வந்து சேர்ந்தாள். மறுநாள் லீவு போட்டிருக்கலாம். நானாக இருந்தால் வேலையையே விட்டிருப்பேன். ஆனால் மாசக் கடைசி, கணக்கு முடிக்க வேண்டும், தான் போகாவிட்டால் கம்பெனியே மூடிவிடும் என்று ஒரு நினைப்பு அவளுக்கு. அந்த ரோடு வழியாகப் போகக் கூடாது, அவ்வளவுதானே என்று கணக்குப் போட்டாள். விடியும் முன்பே புருஷன் பைக்கில் ஏறி, எதிர்த் திசையில் செங்குன்றம் போனாள். அங்கிருந்து பெரிய ரோட்டில் கும்மிடிப்பூண்டிக்கு வேறு பஸ். சுற்று வழி. அதில் சூளையும் இல்லை, ஆரணியும் இல்லை. புருஷன் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தான்.

பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. படியில் தொங்கினார்கள். கல்பனா எப்படியோ உள்ளே ஏறினாள். நகர்ந்து நகர்ந்து நடுவுக்கு வந்தாள். நிம்மதியாக இருந்தது. இத்தனை வேர்வையும் இத்தனை மனிதர்களும் மேலே இடிப்பது அவளுக்கு நிம்மதியாக இருந்த முதல் நாள் அதுதான்.

அப்போது பார்த்தாள்.

இடது பக்கம். மூன்றாவது வரிசை. ஜன்னல் ஓரம்.

காலி.

சீட்டின் நடுவில் ஒரு செருப்பு இருந்தது. ஒற்றைச் செருப்பு. வலது கால். பச்சை வார்.

பக்கத்து இடத்தில், காலி மீன் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பழவேற்காட்டு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். இவள் பார்ப்பதைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

"இன்னா ஜனமோ. கைக்குட்ட போடுவாங்க, பை போடுவாங்க. செருப்ப போட்டு சீட்டு புடிக்கிறத இன்னிக்கித்தான் பாக்கறேன். வண்டி கெளம்பறதுக்கு முன்னாலயே ஒருத்தி வந்து போட்டுட்டுப் போனா. கழுத்துல கார்டு மாட்டிகினு ஒரு பொண்ணு வரும், அத்த உக்கார சொல்லுன்னா." கல்பனாவின் கழுத்தைப் பார்த்தாள். "நீதான அது? உக்காரு."

கல்பனா கார்டைக் கையால் மூடிக்கொண்டாள். "நான் இல்ல."

"அப்ப யாரு?"

பஸ் காரனோடையைத் தாண்டியது. பக்கத்தில் நின்றிருந்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. காண்ட்ராக்ட் கோட்டு. காய்ச்சல்போல இருந்தது. கண் சொருகிச் சொருகி விழித்துக்கொண்டிருந்தது. யாரும் உட்காராததைப் பார்த்துவிட்டு அவள் கூடையைத் தாண்டிக் காலை வைத்தாள். செருப்பைத் தள்ளிவிடக் குனிந்தாள்.

கல்பனா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிகிற பிடி.

"உக்காராத."

"ஏன்கா? காலியாத்தான இருக்கு."

கல்பனா பிடியை விடவில்லை.

"ஆள் வருது," என்றாள்.

அந்தப் பெண் கையை உதறிக்கொண்டு நகர்ந்தாள். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்த பார்வை கல்பனாவுக்குத் தெரிந்த பார்வைதான். இத்தனை நாள் அவள் மற்றவர்களைப் பார்த்தது அப்படித்தான். "தானும் உக்கார மாட்டா, முடியாத பொண்ணயும் உக்கார உடமாட்டா, கார்டு ஒண்ணுதான் கொறச்சல்," என்றாள் மீன்கார அம்மாள். கல்பனா அந்தப் பெண்ணுக்கும் சீட்டுக்கும் குறுக்கே நின்றுகொண்டாள். கம்பியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

தச்சூர் பக்கம் ரோட்டில் பெரிய பள்ளம். பஸ் தூக்கிப் போட்டது. நின்றவர்கள் சாய்ந்தார்கள். மீன் கூடை உருண்டு கீழே விழுந்தது.

செருப்பு ஆடவில்லை.